லேசர் தீர்க்குமா இந்த வலியை? மாதவிடாய் நின்ற பின் வரும் யோனி வறட்சியும் நூறாண்டு விடைகளும்

மாதவிடாய் நின்று சில ஆண்டுகள் கழித்துத் தாம்பத்திய உறவு வலிக்கத் தொடங்கினால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகளில் மிகப் பழையது, பொறுத்துக்கொள் என்பது. பிறகு ஹோர்மோன் வந்தது. ஹோர்மோனைத் தொடர்ந்து அதன் மீதான பயம் வந்தது. பயந்தவர்களுக்கென்று வழுக்கும் ஜெல்களும் ஈரம் காக்கும் களிம்புகளும் வந்தன. 2014க்குப் பின் லேசர் வந்தது. கத்தி இல்லை, மயக்க மருந்து இல்லை, ஹோர்மோன் இல்லை, அமர்வுக்குச் சில நிமிடங்கள், மூன்று அமர்வில் இளமை திரும்பும் என்று அது அறிமுகமானது.

கற்பிட்டிக் குடாநாட்டின் கடலோரத்தில், கற்பிட்டி நகருக்குத் தென்மேற்கே இருக்கிறது கண்டக்குழி. ஒரு பக்கம் இந்து சமுத்திரம், மறுபக்கம் புத்தளம் களப்பு. காற்றுக் காலத்தில் பட்டச்சறுக்கு விளையாட வரும் வெளிநாட்டார் இந்தக் கரையை அறிவார்கள். ஆனால் இந்தக் கட்டுரைக்கு வேண்டியவர்கள், மீன்பிடியையும் கருவாட்டையும் மணல் தோட்டங்களையும் நம்பி அங்கே வாழும் நடுவயது கடந்த பெண்கள். லேசர் இயந்திரம் அவர்களுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. அதைப் பற்றிய விளம்பரம் மட்டும் கைத்தொலைபேசி வழியே வீட்டுக்குள் வந்துவிடுகிறது. இயந்திரம் எவ்வளவு நம்பத்தக்கது, அதற்கு முன் வந்த விடைகளுக்கு என்ன ஆயிற்று என்பதைப் பார்ப்பதே இங்கு நோக்கம்.

உடலில் நடப்பது

சூலகங்களிலிருந்து ஈஸ்ட்ரோஜன் சுரப்பது நிற்கும்போது யோனிச் சுவரின் மேல்தோல் மெலிகிறது. இரத்த ஓட்டம் குறைகிறது. சுவரில் இருந்த மடிப்புகள் தட்டையாகின்றன. மேல்தோல் கலங்களில் சேமிக்கப்படும் கிளைக்கோஜன் குறைவதால், அதை உண்டு லக்டிக் அமிலம் தரும் நல்ல பக்டீரியாக்கள் பட்டினியாகின்றன. இனப்பெருக்க வயதில் 3.5 முதல் 4.5 வரை இருந்த அமிலக் காரச் சுட்டெண் 5ஐத் தாண்டிவிடும். விளைவு வறட்சி, எரிவு, அரிப்பு, உறவில் வலி, சில வேளை இரத்தக் கசிவு. சிறுநீர்க் குழாயின் சுவரும் இதே ஹோர்மோனை நம்பி இருப்பதால், அடிக்கடி சிறுநீர் போதல், அடக்க முடியாமை, திரும்பத் திரும்பச் சிறுநீர்த் தொற்று ஆகியவையும் சேர்ந்து வரும். இரண்டும் ஒரே கோளாறின் இரு பக்கங்கள் என்பதால்தான் 2014இல் வட அமெரிக்க மாதவிடாய் நிறுத்தச் சங்கமும் பெண்களின் பாலியல் நலத்துக்கான சர்வதேச சங்கமும், யோனி மெலிவு என்ற பழைய வழக்கை விட்டு, மாதவிடாய் நிறுத்தத்தின் பிறப்புறுப்பு சிறுநீர்ப் பாதைக் கூட்டறிகுறி என்ற பெயரை ஏற்றன.

உடம்புச் சூடும் வியர்வையும் பலருக்குச் சில ஆண்டுகளில் தணிந்துவிடும். இந்த வறட்சி அப்படிப்பட்டதல்ல. கவனிக்காமல் விட்டால் ஆண்டுக்கு ஆண்டு கூடும். மாதவிடாய் நின்ற பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேரை இது ஏதோ ஓர் அளவில் தொடும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. இயற்கையாக நின்றவர்களுக்கு மட்டும் உரியதும் அல்ல. சூலகங்கள் அகற்றப்பட்டவர்கள், இடுப்பில் கதிர்வீச்சுப் பெற்றவர்கள், மார்புப் புற்றுநோய்க்காக ஈஸ்ட்ரோஜனை அடக்கும் மாத்திரை எடுப்பவர்கள், தாய்ப்பால் கொடுக்கும் இளம் தாய்மார் எல்லோருக்கும் இது வரலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். உறவில் வலி என்றால் வறட்சிதான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பிரசவத்தில் வெட்டித் தைத்த இடத்துத் தழும்பு, இடுப்பு அடித்தளத் தசைகள் தாமாக இறுகிக்கொள்ளுதல், நீரிழிவோடு வரும் பூஞ்சைத் தொற்று, வெளியுறுப்புத் தோலை வெளுத்து மெலியச் செய்யும் லைக்கன் நோய், கருப்பை அகப்படலம் வெளியே வளர்தல் என்று காரணங்கள் பல. வலிக்குப் பயந்து தசை இறுகும், இறுகிய தசை மேலும் வலிக்கும். வறட்சியில் தொடங்கிய வலி இப்படித் தசை வலியாக மாறிய பிறகு, சுவரை மட்டும் சரிசெய்யும் எந்தச் சிகிச்சையும் பாதி வேலைதான் செய்யும். லேசர் பற்றிய விவாதத்தில் இந்த வேறுபாடு அடிக்கடி காணாமற்போகிறது.

ஹோர்மோன்: ஏற்றமும் இறக்கமும்

ஈஸ்ட்ரோஜன் வகையில் முதலாவதான ஈஸ்ட்ரோன் 1929இல் பிரித்தெடுக்கப்பட்டது. 1942இல் கர்ப்பிணிக் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1966இல் ரொபர்ட் வில்சன் என்ற நியூயோர்க் மருத்துவர், மாதவிடாய் நிற்பதையே குணப்படுத்தத்தக்க குறைபாட்டு நோயாகச் சித்திரித்து எழுதிய நூல் பெரும் வரவேற்புப் பெற்றது. அவருக்கு மருந்துக் கம்பனிகளின் பண ஆதரவு இருந்தது பின்னால் தெரிய வந்தது. 1975இல், தனி ஈஸ்ட்ரோஜன் எடுக்கும் பெண்களுக்குக் கருப்பை அகப்படலப் புற்றுநோய் கூடுகிறது என்ற ஆய்வுகள் வெளிவந்தன. புரோஜெஸ்ட்ரோன் வகை மருந்தையும் சேர்த்துக் கொடுத்து அந்தச் சிக்கலைச் சமாளித்தார்கள்.

2002 ஜூலையில் வந்தது பேரிடி. அமெரிக்காவின் பெண்கள் நல முன்னெடுப்பு என்ற பெரிய ஆய்வின் ஒரு கிளை இடையிலேயே நிறுத்தப்பட்டது. இரு ஹோர்மோன்களையும் மாத்திரையாகச் சேர்த்து எடுத்தவர்களிடம் மார்புப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், இரத்த உறைவு ஆகியவை சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டன. ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63 என்பதும், விழுங்கும் மாத்திரையின் கணக்கை யோனிக்குள் வைக்கும் மிகச் சிறிய அளவு மருந்துக்கு அப்படியே பொருத்த முடியாது என்பதும் செய்தித் தலைப்புகளில் இடம்பெறவில்லை. உலகெங்கும் பெண்கள் ஹோர்மோனை நிறுத்தினார்கள். யோனிக் களிம்பின் பெட்டியிலும் மாத்திரைக்கு இருந்த அதே கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை அச்சாகியது. அந்தப் பெட்டியைத் திறந்து தாளை வாசித்த பெண் களிம்பைத் திருப்பி அலுமாரியில் வைத்தாள் என்றால் அவளைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் சான்றுகள் வேறு விதமாகச் சேர்ந்தன. 2016இல் கொக்ரேன் அமைப்பின் மீளாய்வு 30 சோதனைகளையும் 6,000க்கும் மேற்பட்ட பெண்களையும் தொகுத்துப் பார்த்தது. களிம்பு, வளையம், சிறு மாத்திரை எதுவாயினும் யோனி ஈஸ்ட்ரோஜன் போலி மருந்தைவிடப் பயன் தருகிறது, அவற்றுக்குள் பெரிய வேறுபாடு இல்லை என்பது அதன் முடிவு. 2018இல் அதே பெண்கள் நல முன்னெடுப்பின் அவதானிப்புத் தரவு, யோனி ஈஸ்ட்ரோஜன் மட்டும் பாவித்தவர்களிடம் புற்றுநோயோ இதய நோயோ கூடவில்லை என்று காட்டியது. 2025 நவம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அந்தக் கறுப்புக் கட்டத்தை நீக்கும் நடவடிக்கையை அறிவித்தது. இடைப்பட்ட 23 ஆண்டுகளில் பயத்தால் மருந்தைத் தவிர்த்தவர்கள் எத்தனை பேர் என்று எவரும் எண்ணவில்லை. லேசர் நுழைந்த வாசல் அந்தப் பயம்தான்.

எளிய விடைகளையும் ஒதுக்கிவிட முடியாது. 2018இல் வெளிவந்த ஓர் அமெரிக்கச் சோதனையில் 302 பெண்கள் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு 10 மைக்ரோகிராம் யோனி ஈஸ்ட்ரோஜன் மாத்திரையும் போலி ஜெல்லும், இன்னொன்றுக்குப் போலி மாத்திரையும் ஈரம் காக்கும் ஜெல்லும், மூன்றாவதுக்கு இரண்டுமே போலி. 12 வாரத்தில் மூன்று பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறினார்கள். ஈஸ்ட்ரோஜன் பயனற்றது என்று இதை வாசிப்பது அவசரம். போலி ஜெல்லும் ஒரு வழுக்கும் பொருள்தான். ஆயினும் இந்த நோயில் போலிச் சிகிச்சையின் பலன் எவ்வளவு பெரிது என்பதை இந்தச் சோதனை முன்கூட்டியே சொல்லிவைத்தது. லேசர் ஆதரவாளர்கள் அதைக் காதில் வாங்கவில்லை.

லேசர் வந்த வழி

இதற்குப் பயன்படும் காபனீரொட்சைட்டு லேசரை 1964இல் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர் குமார் பட்டேல், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்தவர். அதன் 10.6 மைக்ரோமீற்றர் கதிரை நீர் பேராவலுடன் உறிஞ்சும். நம் திசுக்களில் பெரும்பகுதி நீர் என்பதால் கதிர் ஆழமாகப் போகாமல் பட்ட இடத்திலேயே வெப்பமாகிவிடும். அறுவை மருத்துவர்களுக்கு அது கத்தியானது. 2004இல் பொஸ்ரனில் மான்ஸ்ரைன், அண்டர்சன் குழுவினர் கதிரை முழுப் பரப்பிலும் பாய்ச்சாமல் நுண்புள்ளிகளாகப் பிரித்துப் பாய்ச்சும் முறையை முன்வைத்தனர். புள்ளிகளுக்கு இடையில் விடப்பட்ட நல்ல திசு காயத்தை விரைவில் ஆற்றிவிடும், ஆறும்போது புதிய கொலாஜன் உருவாகும் என்பது அதன் அடிப்படை. முகச் சுருக்கத்துக்கும் பருத் தழும்புக்கும் அது நன்றாக வேலை செய்தது.

முகத் தோலுக்குச் செய்ததை யோனிச் சுவருக்குச் செய்தால் என்ன என்று கேட்டவர்கள் இத்தாலியர். மிலானின் சான் ரஃபாயேல் மருத்துவமனையைச் சேர்ந்த ஸ்ரெபானோ சல்வத்தோரே குழுவினர் 2014இல் 50 பெண்களிடம் மூன்று அமர்வுகள் செய்து, 12 வாரத்தில் வறட்சியும் வலியும் குறைந்ததாக அறிவித்தனர். ஒப்பிட்டுப் பார்க்க மறு பிரிவு இல்லாத முன்னோட்ட ஆய்வு அது. அதே காலத்தில் எர்பியம் என்ற வேறு வகை லேசரும் சந்தைக்கு வந்தது. செய்முறை எளிது. விரல் பருமனுள்ள குழாய் போன்ற கருவியை உள்ளே செலுத்தி, சுற்றிச் சுற்றிக் கதிரைப் பாய்ச்சியபடியே வெளியே எடுப்பார்கள். நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் மூன்று முறை, பின் ஆண்டுக்கொரு முறை என்பது வழக்கமான அட்டவணை.

மெல்லிய சுவரில் வெப்பக் காயம் உண்டாக்கினால் அது தடித்து வளரும் என்ற கொள்கை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதில் ஒரு பலவீனம் உண்டு. முகத்தோல் தன் தடிப்புக்கு யோனிச் சுவர் அளவுக்கு ஈஸ்ட்ரோஜனை நம்பி இல்லை. காயம் ஆறும்போது புதிய திசு வந்தாலும், அதைத் தொடர்ந்து பேண வேண்டிய ஹோர்மோன் அங்கே இல்லையே.

அனுமதி கிடைத்த விதமும் கவனிக்கத்தக்கது. அமெரிக்காவில் இந்த இயந்திரங்கள் உடல் திசுவை வெட்டவும் ஆவியாக்கவும் உறைய வைக்கவும் ஏற்றவை என்ற பொதுவான பயனுக்கே அனுமதி பெற்றன. யோனி வறட்சிக்கோ உறவு வலிக்கோ அல்ல. விற்றவர்கள் அந்த இடைவெளியைத் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். 2018 ஜூலை 30 அன்று உணவு மருந்து நிர்வாகம் வெளிப்படையாக எச்சரித்தது. யோனி இளமையாக்கம் என்ற பெயரில் விற்கப்படும் இந்தச் சிகிச்சைகளின் பாதுகாப்பும் பயனும் நிறுவப்படவில்லை, தீக்காயம், தழும்பு, உறவில் வலி, நீடித்த வலி ஆகியவை பதிவாகியுள்ளன என்றது. ஏழு கம்பனிகளுக்குக் கடிதம் போனது. வலியைத் தீர்ப்பதாக விற்கப்பட்ட ஒன்றின் பக்கவிளைவுப் பட்டியலில் அதே வலி இருந்தது.

போலிச் சிகிச்சைக்கு எதிரே நிறுத்தியபோது

ஒப்பீடு இல்லாத ஆய்வுகள் பல நாடுகளிலும் குவிந்தன. ஏறக்குறைய எல்லாமே நல்ல முடிவு கூறின. ஆனால் உண்மையான சோதனை ஒன்றுதான்: அதே கருவியை அதே விதமாக உள்ளே வைத்து, கதிரைப் பாய்ச்சாமலோ மிகக் குறைத்தோ ஒரு பிரிவினருக்குச் செய்து, யார் எதைப் பெற்றார் என்று பெண்ணுக்கும் மதிப்பிடுபவருக்கும் தெரியாமல் வைத்துப் பார்ப்பது.

இத்தகைய சோதனைகளில் அதிகம் பேசப்பட்டது சிட்னியில் நடந்து, 2021 ஒக்டோபரில் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த சோதனை. மாதவிடாய் நின்ற 85 பெண்கள், மூன்று அமர்வுகள், ஓராண்டுத் தொடர் அவதானம். 100 புள்ளி அளவுகோலில் மொத்த அறிகுறிகளின் கடுமை லேசர் பெற்றவர்களிடம் சராசரியாக 17.2 புள்ளி குறைந்தது. போலிச் சிகிச்சை பெற்றவர்களிடம் 26.6 புள்ளி குறைந்தது. இந்த வேறுபாடு புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்கதல்ல. அதனால் லேசர் தீங்கு செய்தது என்று சொல்ல முடியாது. ஆனால் போலியை அது வெல்லவில்லை. சுவரிலிருந்து எடுத்த திசு மாதிரிகளை நுண்நோக்கியில் பார்த்தபோதும் இரு பிரிவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கொலாஜன் கதைக்கு இதுவே பெரிய அடி என்பது என் எண்ணம். பெண் சொல்லும் அறிகுறியில் மனநிலை கலந்திருக்கலாம். திசுவுக்கு எதிர்பார்ப்பு கிடையாது.

பெல்ஜியத்தின் லூவன் நகரில் 60 பெண்களிடம் நடந்து 2023இல் வெளியான சோதனையும், அதற்கு முன் அமெரிக்காவில் 30 பேரிடம் நடந்த சிறு சோதனையும் இதே திசையைக் காட்டின.

எதிர்ப்பக்கமும் வெறுமையாக இல்லை. தாய்லாந்தில் 88 பெண்களிடம் நடந்து 2020இல் வெளியான போலி ஒப்பீட்டுச் சோதனையில் 12 வார முடிவில் லேசர் பிரிவு முன்னே நின்றது. சல்வத்தோரே குழு 58 பெண்களிடம் செய்து 2021இல் வெளியிட்ட சோதனையிலும் வறட்சியும் உறவு வலியும் லேசரில் கூடுதலாகக் குறைந்தன. இவை இரண்டும் சிறியவை, குறுகிய காலத்தவை. இரண்டாவது, முறையைத் தொடக்கிவைத்தவர்களே நடத்தியது. அதற்காக ஒதுக்கிவிடலாம் என்றில்லை. தாய்லாந்துச் சோதனை நம் பிராந்தியப் பெண்களுக்கு நெருக்கமானது என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் ஓராண்டு பார்த்த சோதனையையும் மூன்று மாதம் பார்த்த சோதனையையும் தராசின் இரு தட்டில் சமமாக வைக்க இயலாது.

ஈஸ்ட்ரோஜனோடு நேருக்கு நேர் நிறுத்திய சோதனைகள் வேறு வகை. அமெரிக்காவில் 69 பெண்களுக்கு லேசரோ யோனி ஈஸ்ட்ரோஜன் களிம்போ கொடுத்துப் பார்த்த ஒன்று, ஆறு மாதத்தில் இரண்டும் ஏறத்தாழச் சமம் என்றது. திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டும் முன்பே அது நின்றுபோனது. அதில் எந்தச் சிகிச்சை என்பது பெண்ணுக்குத் தெரியும். பிரேசிலில் 45 பேரிடம் லேசர், எஸ்ட்ரியோல் என்ற ஈஸ்ட்ரோஜன் வகைக் களிம்பு, இரண்டும் சேர்த்து என்று மூன்று விதமாகப் பார்த்தார்கள். அங்கே லேசர் மட்டும் பெற்ற பிரிவில் உறவு வலி கூடியதும் பதிவாகியது. இந்த ஒப்பீடுகளை வைத்து லேசர் ஹோர்மோனுக்கு நிகர் என்று விளம்பரப்படுத்துவது சரியாகாது. போலிச் சிகிச்சைப் பிரிவு இல்லாதபோது இரண்டும் சமம் என்பதற்கு இரண்டும் வேலை செய்தன என்றும் பொருள் கொள்ளலாம், இரண்டிலும் எதிர்பார்ப்பே வேலை செய்தது என்றும் பொருள் கொள்ளலாம்.

போலியில் ஏன் குணம் தெரிகிறது?

இதை ஏமாற்று என்று தள்ளுவது எளிது. ஆனால் இந்த வலியின் இயல்பைப் புரிந்துகொள்ள இதுவே சிறந்த தடயம். போலிச் சிகிச்சை பெற்ற பெண்ணுக்கும் பல உண்மையான விடயங்கள் நடக்கின்றன. ஆண்டுக்கணக்கில் எவரிடமும் சொல்லாததை ஒரு மருத்துவர் உட்கார்ந்து கேட்கிறார். இது நோய்தான், உன் குறையல்ல என்கிறார். வழவழப்பான கருவி மாதமொருமுறை மெதுவாக உள்ளே போய் வருகிறது. தசை இறுக்கத்துக்குப் படிப்படியாகப் பருமன் கூடும் விரிப்பான்களைக் கொடுக்கும் இயன்மருத்துவச் சிகிச்சையோடு இதற்கு நெருங்கிய ஒற்றுமை உண்டு. சிகிச்சைக் காலத்தில் சில நாள் உறவைத் தவிர்க்கச் சொல்வதால் வலி, பயம், இறுக்கம் என்ற சுழலும் சற்று அறுகிறது. கணவனுக்கும் விடயம் தெரிய வருகிறது. இவற்றோடு, மிக மோசமான நேரத்தில் சிகிச்சைக்கு வருபவர்கள் காலப்போக்கில் ஓரளவு தாமாகவே தேறுவதும் கணக்கில் சேரும்.

அப்படியானால் குணம் தந்தது கதிரா, கவனிப்பா? இப்போதுள்ள சான்று கவனிப்பின் பக்கம் சாய்கிறது. கவனிப்புக்குப் பல்லாயிரம் டொலர் இயந்திரம் தேவையில்லை.

புற்றுநோய் கடந்தவர்கள்

லேசருக்கு ஆதரவாக வைக்கப்படும் வலுவான வாதம் ஒன்று உண்டு. மார்புப் புற்றுநோயிலிருந்து மீண்டு, ஈஸ்ட்ரோஜன் உருவாவதையே தடுக்கும் அரோமடேஸ் தடுப்பு மாத்திரை எடுக்கும் பெண்களுக்கு வறட்சி மிகக் கடுமை. அவர்களுக்கு யோனி ஈஸ்ட்ரோஜன் கொடுக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் தயங்குவார்கள். ஹோர்மோன் இல்லாத எந்த வழியும் இவர்களுக்கு வரம்தான். இந்தக் குழுவுக்கென்றே பார்சிலோனாவில் ஒரு போலி ஒப்பீட்டுச் சோதனை நடந்து 2023இல் வெளிவந்தது. அரோமடேஸ் தடுப்பு எடுக்கும் 72 பெண்கள், ஆறு மாதம். இரு பிரிவும் தேறின, லேசர் மேலோங்கவில்லை. வாதத்தின் தேவை உண்மையானது, ஆனால் அதற்கான விடை இன்னும் கிடைக்கவில்லை. இவர்களில் சிலருக்கு, ஈரம் காக்கும் களிம்பு பலன் தராதபோது, புற்றுநோய் மருத்துவரின் ஒப்புதலோடு மிகக் குறைந்த அளவு யோனி ஈஸ்ட்ரோஜன் கொடுப்பதைச் சில வழிகாட்டிகள் இப்போது அனுமதிக்கின்றன.

பிரித்தானியாவில் மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021 மே மாதத்தில், யோனி வழி லேசரை ஆய்வின் பகுதியாக மட்டுமே செய்யலாம் என்று வழிகாட்டியது. இப்போதைய நிலையில் இது நியாயமான எல்லைக்கோடு.

கண்டக்குழியிலிருந்து பார்த்தால்

இலங்கையில் அரச வைத்திய சேவை இலவசம். 1996 முதல் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளில் சுகவனிதையர் கிளினிக்குகள் நடக்கின்றன. 35 வயதை எட்டிய பெண்களை முதன்மையாகக் கருதித் தொடங்கிய அவை இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பு, கருப்பைக் கழுத்து ஆகியவற்றைப் பரிசோதிக்கின்றன. கருப்பைக் கழுத்து மாதிரி எடுக்கக் கருவி வைக்கும் அந்தச் சில நிமிடத்தில், வறண்டு மெலிந்த சுவர் மருத்துவரின் கண்ணுக்குத் தெரியாமல் இருக்காது. உறவில் வலி இருக்கிறதா என்று அங்கே ஒரு கேள்வி கேட்டால் போதும். பெண் தானாகவே பேச்சைத் தொடங்கமாட்டாள் என்பது இங்கு மட்டும் உள்ள வழக்கமல்ல. அமெரிக்காவில் 3,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் எடுத்து 2013இல் வெளிவந்த ரிவைவ் கணிப்பிலேயே, அறிகுறி உள்ளவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர்தான் எப்போதாவது மருத்துவரிடம் அதைப் பேசியிருந்தார்கள்.

மேல் மாகாணத்தில் 45 முதல் 60 வயதுப் பெண்களிடம் நடந்து 2009இல் வெளியான இலங்கை ஆய்வில், மாதவிடாய் நிறுத்தத்தோடு வரும் தொல்லைகளில் மூட்டு, தசை வலியே முதலிடம் பெற்றது. இதை வைத்து நம் பெண்களுக்கு வறட்சி பெரிய பிரச்சினையல்ல என்று சொல்வோர் உண்டு. மூட்டு வலியை வாய்விட்டுச் சொல்லலாம், இதைச் சொல்ல முடியாது என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்து வாசிக்க வேண்டும்.

குடாநாட்டுக்கென்று சில தனிக் காரணங்கள் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெருந்தொகையினர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில்தான் குடியேறினர். அப்போது 25 வயதில் கைக்குழந்தையோடு வந்த பெண் இப்போது 60ஐத் தாண்டிவிட்டாள். முகாம் வாழ்க்கையில் தனிமை என்பதே இல்லாமல் வாழ்ந்த ஒரு தலைமுறை, உடலின் இந்தப் பகுதியைப் பற்றிப் பேச இடம் எங்கே தேடும்?

சமயம் சார்ந்த ஒரு நடைமுறைக் கேள்வியும் இருக்கிறது. இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாபி மத்ஹப் என்ற இஸ்லாமியச் சட்ட மரபைப் பின்பற்றுபவர்கள். உடலின் திறப்பு வழியே உள்ளே செல்லும் பொருள் நோன்பை முறிக்கும் என்பது அந்த வழியின் மரபான நிலைப்பாடு. யோனிக் களிம்பும் வில்லையும் அதில் அடங்கும். 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, இவை நோன்பை முறிப்பதில்லை என்று தீர்மானித்தது. எந்தக் கருத்தை ஏற்றாலும் சிக்கல் பெரிதல்ல. யோனி ஈஸ்ட்ரோஜன் தொடக்கத்தில் இரண்டு வாரம் தினமும், பின் வாரத்துக்கு இரு முறை, பொதுவாக இரவில் வைக்கும் மருந்து. நோன்பு திறந்த பின் வைத்துக்கொள்ளலாம். இதைக் குடும்பநல மாதுவோ பள்ளிவாசல் சார்ந்த பெண்கள் வகுப்பில் யாரோ ஒருவரோ எடுத்துச் சொன்னால், றமழானில் மருந்தை விட்டு அதன்பின் தொடராமலே போகும் நிலை குறையும்.

லேசரைத் தேடிப் போவதென்றால் கணக்கு வேறு. கற்பிட்டியிலிருந்து கொழும்பு ஏறக்குறைய 170 கிலோமீற்றர். மூன்று அமர்வு என்றால் மூன்று பயணம், கூட வருபவருக்கு மூன்று நாள் கூலி இழப்பு, ஆண்டுதோறும் மீண்டும் ஒரு பயணம். தனியார் அழகியல் மையங்கள் இதைப் பிரசவத்துக்குப் பின் இறுக்குதல், நிறம் வெளுத்தல் ஆகியவற்றோடு ஒரே பட்டியலில் போட்டு விற்பதைச் சென்னையிலும் காணலாம். நோய்ச் சிகிச்சையையும் அழகு வியாபாரத்தையும் ஒரே தட்டில் வைக்கும் இடத்தில் எச்சரிக்கை தானாகவே கூட வேண்டும். அங்கே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, பரிசோதித்துக் காரணம் கண்டீர்களா என்பதுதான். லைக்கன் நோய்க்கோ தசை இறுக்கத்துக்கோ இந்தக் கதிரைப் பாய்ச்சி, காரணத்தை அப்படியே விட்டுவிடும் ஆபத்து உண்டு. மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பின் ஒரு துளி இரத்தம் கண்டாலும், புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்யும் முன் எந்த அழகியல் மையத்தின் படியும் ஏறக் கூடாது.

ஹோர்மோன் களிம்பின் வழியும் தடையில்லாதது அல்ல. 2022இல் இலங்கை டொலர் இல்லாமல் தவித்தபோது அத்தியாவசிய மருந்துகளுக்கே தட்டுப்பாடு வந்தது. இத்தகைய மருந்து வரிசையின் கடைசியில்தான் நிற்கும். உறவின்போது ஜெல் பாவிக்கச் சொல்லி அனுப்புவதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். அதுவும் பயனுள்ளதே. ஆனால் வழுக்கும் ஜெல் அந்த நேரத்து உராய்வைக் குறைக்கும், சுவரின் மெலிவை மாற்றாது. வாரத்தில் சில நாள் ஒழுங்காக வைக்கும் ஈரம் காக்கும் களிம்பு வேறு, அந்நேரத்து ஜெல் வேறு என்பதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். தேங்காயெண்ணெயை உறவு நேர உராய்வுக்குப் பலர் தாமாகவே பாவிப்பதுண்டு. ஆணுறையோடு எண்ணெய் சேர்த்தால் உறை கிழியக்கூடும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

இன்னும் தெளிவாகாதவை

லேசர் முற்றிலும் பயனற்றது என்று நிரூபணமாகிவிட்டதா? இல்லை. மேலே பார்த்த போலி ஒப்பீட்டுச் சோதனைகள் எல்லாமே நூறுக்கும் குறைந்த பெண்களைக் கொண்டவை. சிறிய பயன் ஒன்று இருந்தால் அதைப் பிடிக்க அவை போதாமல் இருக்கலாம். எந்தச் சக்தி அளவில், எத்தனை அமர்வில், எந்த வகை லேசரில் என்பதும் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. காபனீரொட்சைட்டு லேசரைப் பற்றிக் கிடைத்த முடிவை எர்பியத்துக்கு அப்படியே ஏற்றிச் சொல்லவும் முடியாது. மெலிவு மிகக் கடுமையான பெண்களும், ஹோர்மோன் உண்மையாகவே கூடாதவர்களும் தனிக் குழுவாக ஓராண்டுக்கு மேல் பார்க்கப்பட வேண்டும். ஐந்தாறு ஆண்டு திரும்பத் திரும்பச் சுட்ட சுவரில் தழும்பு சேருமா என்பதற்கு நீண்ட காலத் தரவு தேவை. தென்னாசியப் பெண்களிடம் ஒழுங்கான போலி ஒப்பீட்டுச் சோதனை நடத்துவது கொழும்பிலோ சென்னையிலோ உள்ள ஒரு போதனா மருத்துவமனைக்கு இயலாத காரியம் அல்ல.

அந்தச் சோதனைகள் வரும்வரை, ஆய்வுக்கு வெளியே, தன் பணத்தைக் கொடுத்து இந்த லேசரைச் செய்துகொள்ளும்படி ஒரு பெண்ணுக்குச் சொல்லப் போதிய சான்று இல்லை. பரிசோதனை, ஈரம் காக்கும் களிம்பு, தேவையானவர்களுக்கு மருத்துவரின் சீட்டோடு யோனி ஈஸ்ட்ரோஜன், தசை இறுகியவர்களுக்கு இயன்மருத்துவம் என்ற வரிசைக்குச் சான்று இருக்கிறது. கற்பிட்டிப் பிரதேசத்தின் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போகும் பெண், மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல், உறவில் வலிக்கிறது என்று தானே சொல்லலாம். அங்கே அதைச் சொல்லக் கட்டணம் ஏதும் இல்லை.